தகடூர்ச் சீமையில் கல்லைப் படிப்பது எப்படி: தாமரை, நாகம், சூரிய சந்திரர்

பழைய தகடூரான தர்மபுரியிலிருந்து அரூர் பக்கமோ கிருஷ்ணகிரியிலிருந்து வேப்பனப்பள்ளி பக்கமோ வண்டியில் போனால், ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் ராகிக் கொல்லை ஓரத்திலும் உருவம் செதுக்கிய பலகைக்கல் ஒன்றாவது கண்ணில் படும். சிலதற்கு மஞ்சளும் குங்குமமும் பூசியிருக்கும். சிலதற்கு யாரோ பக்தியோடு எனாமல் பெயின்டே அடித்திருப்பார்கள். என்ன சாமி என்று கேட்டால் பெரும்பாலும் 'வேடியப்பன்' என்பார்கள். இந்தக் கல்லில் வில்லோடு நிற்பவர் யார், மேலே பிறை எதற்கு, பக்கத்து அரசமரத்தடியில் பின்னிக்கொண்டு நிற்கும் பாம்புகள் என்ன சொல்கின்றன, கோயில் விதானத்தில், அதாவது உட்கூரையில், தாமரை ஏன் தலைகீழாகப் பூத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிற்ப சாஸ்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமை வேண்டும், அப்புறம் ஒரு டார்ச்.

தொடங்கும் முன் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு உருவத்தைக் கண்டதும் 'இதற்கு என்ன அர்த்தம்' என்று கேட்காதீர்கள். 'இது எங்கே இருக்கிறது' என்று கேளுங்கள். தாமரை சாமியின் காலடியில் இருந்தால் பீடம். கையில் இருந்தால் சூரியனையோ திருமகளையோ அடையாளம் காட்டும் பொருள். மண்டபக் கூரையின் நடுவில் இருந்தால் அது வானம். பூ ஒன்றுதான், இடம் மாறினால் சொல்வதும் மாறுகிறது. எந்தச் சின்னத்துக்கும் ஒரே பொருளை எழுதி வைத்திருக்கும் பட்டியல்களை நம்பிப் போனால் நம் ஊர்க் கற்களிடம் பாதி விஷயம் கேட்காமலே திரும்பி வருவீர்கள்.

இன்னொன்று. மறுபிறப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இங்கே மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. செத்தவன் மேலே போய்ச் சேர்வது ஒன்று, அது நடுகல்லின் விஷயம் (சண்டையில் செத்தவனுக்காக நட்ட கல், ஊரார் வேடியப்பன் என்று கும்பிடுவது பெரும்பாலும் இதைத்தான்). குடும்பத்தில் அடுத்த பிள்ளை பிறப்பது ஒன்று, அது நாகக்கல்லின் விஷயம். காய்ந்தது மறுபடி துளிர்ப்பது ஒன்று, அது கோயில் வாசலிலும் தூணிலும் ஓடும் கொடியின் விஷயம். மூன்றையும் ஒரே தத்துவத்தில் போட்டு அடைக்க வேண்டாம்.

எப்போது போவது

இந்தப் பக்கத்துக் கல் கடினமான கல். இதே மாவட்டங்களிலிருந்துதான் கிரானைட் வெளிநாட்டுக்கெல்லாம் போகிறது. மைசூர்ப் பக்கம் ஆண்ட போசளர்கள் (ஹொய்சாளர்) காலத்தில் செதுக்கிய மாக்கல் போல உளிக்கு வளைந்து கொடுக்காது. அதனால் நம் நடுகற்களில் உருவம் கல்லின் பரப்பிலிருந்து கொஞ்சமாகத்தான் எழும்பியிருக்கும். உச்சி வெயிலில் போய் நின்றால் வெறும் கல்தான் தெரியும். காலை 9 மணிக்கு முன், இல்லையென்றால் மாலை 4 மணிக்குப் பின், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது போங்கள். மண்டபத்துக்குள் இருட்டாக இருந்தால் டார்ச்சை நேராக அடிக்காமல் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து அடித்துப் பாருங்கள். அதுவரை தெரியாத அம்பு, வளையல், எழுத்து எல்லாம் எழுந்து வரும்.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, எண்ணெய் தடவுவது, சுரண்டுவது எதுவும் கூடாது. படி எடுப்பது கல்வெட்டுக்காரர்கள் வேலை. பூசை நடக்கும் கல்லென்றால் செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கிருப்பவரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். சில வேடியப்பன் இடங்களில் யார், எதுவரை போகலாம் என்பதற்கு ஊர்க் கட்டுப்பாடு இருக்கும். கொல்லைக்குள் இருந்தால் கொல்லைக்காரரிடம் ஒரு வார்த்தை. புதருக்குள் கை விடும் முன் குச்சியால் தட்டிப் பார்ப்பதும் நல்லது. கல்லில் மட்டும்தான் பாம்பு இருக்கும் என்று சொல்ல முடியாது.

முதலில் அருங்காட்சியகம்

நேராகக் காட்டுக்குப் போகாதீர்கள். தர்மபுரி நகரில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் சுற்றுவட்டாரத்தில் கிடைத்த நடுகற்கள் பல இருக்கின்றன. கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அரசு அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பல காலத்துக் கற்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் எது பழையது, எது பிந்தியது என்று கண் தானாகப் பிரிக்கத் தொடங்கும். பழைய கல்லில் ஒரே ஆள், ஒரே காட்சி, மேலே பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் சில வரி. பிந்திய கல்லில் அடுக்கடுக்காகக் காட்சிகள், நகை, குடை, சாமரம். இந்த வேறுபாடு பிடிபட்டால் போதும், மற்றதை வெளியே கற்கலாம்.

நடுகல்லைக் கீழிருந்து மேலே படியுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

பழைய நடுகற்கள் பெரும்பாலும் மாட்டுக்காக நடந்த சண்டையைச் சொல்பவை. கல்வெட்டில் 'தொறு' என்று வந்தால் மாட்டு மந்தை. இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்னார் தொறு கொண்டபோது, இன்னார் மகன் இன்னான் 'மீட்டுப் பட்டான் கல்' என்கிற மாதிரி வாசகம் போகும். பட்டான் என்றால் இறந்தான். பல்லவ அரசர்களின் ஆட்சியாண்டு குறித்த கற்கள்கூட இங்கே உண்டு.

கல்லின் அடியிலிருந்து தொடங்குங்கள். வீரனின் காலருகே சின்னதாக ஒரு மூக்குவைத்த பாத்திரம் தெரிகிறதா? அது கெண்டி. பக்கத்தில் ஒரு சிமிழும் இருக்கலாம். எல்லாக் கல்லிலும் இருக்காது, ஆனால் பழைய கற்களில் தேடினால் கிடைக்கும். புதியவர்கள் வில்லையும் வாளையும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் கல்லின் உயிரே இந்தச் சின்னப் பாத்திரத்தில்தான் இருக்கிறது. இறந்தவனுக்கு இன்னும் தாகம் உண்டு, அவனுக்கு ஊற்றவேண்டும் என்று ஊர் நம்பியதன் அடையாளம் அது. தகடூர் என்பது தர்மபுரியின் பழைய பெயர். இந்தத் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது அவனுக்கு நட்ட கல்லுக்கு மயில்பீலி சூட்டிக் கள் படைத்ததைப் பார்த்து ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 232ஆம் பாட்டாக இருக்கிறது. நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சின்னக் கலத்தில் ஊற்றுவதையா வாங்கிக்கொள்வான் என்று அங்கே ஔவை கேட்கிறார். அதே ஊர்ப் பக்கத்தில், பல நூற்றாண்டு தள்ளிச் செதுக்கிய கல்லில் கெண்டியைப் பார்க்கும்போது அந்தக் கேள்வி நினைவுக்கு வராமல் போகாது.

அடுத்து மாடுகள். வீரனுக்குப் பின்னாலோ கீழ் ஓரத்திலோ பொடியாக இருக்கும். அளவைப் பார்த்து ஏதோ அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். மீட்ட மந்தை அது, அவன் சாவுக்கு ஈடாக ஊருக்குத் திரும்பி வந்த உயிர்கள். சில கற்களில் வீரன் மார்பிலும் தொடையிலும் அம்பு தைத்தபடியே நிற்பான். ஆனால் விழுந்து கிடக்க மாட்டான், முழங்காலை மடித்து வில்லை நீட்டிக்கொண்டிருப்பான். செத்த ஆளைச் சாகாத கோலத்தில் நிறுத்துவதுதான் செதுக்கியவரின் எண்ணம்.

இனி அடுக்கு நடுகல். ஓசூர், வேப்பனப்பள்ளிப் பக்கம் போகப் போகக் கன்னட நாட்டு மரபு கலந்து இவை கூடிக்கொண்டே போகும். அதில் ஆச்சரியம் இல்லை. நுளம்பர், கங்கர், போசளர் எல்லோரும் ஆண்ட மண் இது. வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் குந்தாணி 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் வீர ராமநாதனுக்குத் தலைநகராக இருந்தது. அடுக்கு நடுகல்லில் கீழ்த் தட்டில் சண்டை. நடுத் தட்டில் இரண்டு பக்கமும் தேவமகளிர், நடுவே வீரன். சாமரம் வீசிக்கொண்டோ தோளைத் தாங்கிக்கொண்டோ அவனை மேலே கொண்டுபோகிறார்கள். மேல் தட்டில் லிங்கம், நந்தி, சில சமயம் பூசை செய்பவர், எதிரே வீரன் கைகூப்பியோ சம்மணமிட்டோ உட்கார்ந்திருப்பான். கீழே நெரிசல், மேலே போகப் போக அமைதி. முகத்தைக் கவனியுங்கள், ஆயுதம் எந்தத் தட்டில் காணாமல் போகிறது என்றும் பாருங்கள்.

உச்சியில் சூரியனும் பிறையும். ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு வளைவு, அவ்வளவுதான். கோயிலுக்கு நிலம் எழுதிவைக்கும் கல்வெட்டுகளில் 'சந்திராதித்தவரை' என்று வருவதும் இதுவும் ஒன்றே: சூரியனும் சந்திரனும் இருக்கும்வரை இது நிற்கட்டும். தேய்ந்து வளரும் நிலாவை மறுபிறப்போடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் கல்லில் முதலில் இருப்பது சாட்சி. வீரன் திரும்பப் பிறப்பான் என்று எந்தத் தட்டும் சொல்லவில்லை. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றுதான் சொல்கிறது.

கல்லுக்கும் ஒரு பிறப்பு உண்டு. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படியாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல். மலையில் தகுந்த கல்லைப் பார்ப்பது, நாள் பார்த்துத் தொடங்கிக் கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. நீராட்டிய பிறகுதான் அது நடத் தகுந்த கல் ஆகிறது. இன்றைக்கும் புதுச் சிலை வந்தால் பிரதிஷ்டைக்கு முன் தண்ணீரில் வைக்கிறார்கள், அதற்கு ஜலாதிவாசம் என்று பெயர். பிறகு தானியத்தில் வைக்கிறார்கள், அது தானியாதிவாசம். கடைசியில் கண் திறப்பு. இதற்கிடையே பாலிகை என்னும் மண்கிண்ணத்தில் நவதானியம் முளைத்துக்கொண்டிருக்கும். உங்கள் ஊரில் கும்பாபிஷேகம் என்று காதில் விழுந்தால் முதல் இரண்டு நாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். கல்லை விதையாக நடத்தும் இந்தச் சடங்கை நேரில் பார்த்துவிட்டால் பிறகு எந்தச் சிற்பத்தையும் வெறும் கல்லாகப் பார்க்க மனசு வராது.

கை மட்டும் உள்ள கல்

ஒரு தூணிலிருந்து முழங்கை மடங்கி மேல்நோக்கிய கை, அதில் வளையல்கள், சில சமயம் விரலிடுக்கில் எலுமிச்சம்பழம். இது சதிக்கல். மாஸ்திக்கல் என்றும் சொல்வார்கள். கணவனோடு தீயில் இறங்கிய பெண்ணுக்கு எடுத்தது. வளையல் உடையாமல் இருப்பதுதான் சேதி: அவள் விதவை ஆகவில்லை. சில நடுகல்லில் வீரன் பக்கத்திலேயே அந்தப் பெண்ணும் நிற்பாள். இதைப் பற்றிப் புனிதம், தியாகம் என்று அளந்துவிடும் ஆட்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். 1829இல் வங்காளத்திலும் அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்திலும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்த வழக்கம் அது. கல்லைப் பாருங்கள், கும்பிட வேண்டுமென்றால் கும்பிடுங்கள், அவளைக் கேட்டா இறக்கினார்கள் என்ற கேள்வியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

அரசமரத்தடி நாகம்

அரசும் வேம்பும் சேர்ந்து நிற்கும் மேடை, சுற்றிலும் ஐந்தாறு நாகக்கல். இதை எந்த ஊரிலும் பார்க்கலாம், அதனால்தான் யாரும் நின்று பார்ப்பதில்லை. இரண்டு வகை முக்கியம். ஒன்று, படம் விரித்த ஒற்றை நாகம். இன்னொன்று, வாலிலிருந்து தலைவரை ஒன்றையொன்று பின்னிக்கொண்டு மேலே முகத்தோடு முகம் பார்க்கும் ஜோடி. ஜோடியில் பின்னல்களுக்கு நடுவே விழும் இடைவெளிகளைப் பாருங்கள். அங்கே தாமரையோ லிங்கமோ சின்னக் கிருஷ்ணனோ இருக்கும். பிள்ளை வேண்டிக்கொண்டு வைக்கும் கல் என்பதால் அந்த இடைவெளி கருவின் இடமாகவே எனக்குப் படுகிறது. வேண்டுதல் வைத்த பெண்களோடு பேச்சுக் கொடுத்தால் இதைவிட நன்றாகவே சொல்வார்கள்.

பாம்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? சட்டை உரித்துவிட்டுப் புதிதாக வருகிறது என்பது எல்லோரும் சொல்லும் காரணம், சரியான காரணமும்தான். ஆனால் வானம் பார்த்த பூமியில் வாழ்பவனுக்கு அதைவிடப் பெரிய காரணம் மண்தான். பாம்பு புற்றுக்குள் இருக்கிறது, புற்று மண்ணுக்குள் போகிறது, மண்ணுக்குள்தான் தண்ணீர். மழை பெய்தால் பாம்பு வெளியே வரும். பிள்ளைப் பேறும் மழையும் ஒரே சாமியிடம் கேட்கப்படுவதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பக்கத்தில் ஒரு சங்கதி. பின்னிக்கொண்டு நிமிரும் பாம்புகளைக் கண்டால் சாரையும் நல்லபாம்பும் இணைகின்றன என்று நம் பக்கம் சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு இனம், இணையாது. அப்படிப் பின்னிக்கொண்டு எழும்புவது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் சண்டை. சிற்பிக்கு அது தெரியுமோ தெரியாதோ, பார்த்த காட்சியைத் துல்லியமாகச் செதுக்கிவிட்டார். பொருளை ஊர் கொடுத்தது.

கோயிலுக்குள்: வாசல், தூண், விதானம்

பழகுவதற்கு இரண்டு கோயில் சொல்கிறேன். தர்மபுரி கோட்டைக்குள் இருக்கும் மல்லிகார்ஜுனர், காமாட்சியம்மன் கோயில். நுளம்பர் காலத் தொடர்புள்ள பழைய இடம். அம்மன் சன்னதியின் அடித்தளத்தை யானைகள் தாங்குகின்றன, ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னதாக அங்கே ஓடுகின்றன, குனிந்து பார்க்க வேண்டும். இரண்டாவது, அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில். அங்கே மண்டபத்து ஓவியங்கள் பேர்போனவை, அண்ணாந்து பார்க்கக் கழுத்து தயாராக இருக்கட்டும்.

எந்தக் கோயிலானாலும் வரிசை ஒன்றுதான். முதலில் வாசல் நிலை. இரண்டு பக்கமும் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விஜயநகர காலத்து ராஜகோபுர வாசல்களில் மகரத்தின் மேல் நிற்கும் பெண் ஒருத்தி கொடியைப் பிடித்திருப்பாள். அந்தக் கொடி நிலை முழுவதும் சுருண்டு சுருண்டு மேலேறும். மகரம் என்பது தண்ணீர்ப் பிராணி. தண்ணீரிலிருந்து கொடி, கொடியில் இலை, இலைச் சுருளுக்குள் பறவை, குரங்கு, பூ. ஒரு சுருளை மட்டும் விரலால் தொடாமல் கண்ணாலேயே அடியிலிருந்து நுனிவரை பின்தொடருங்கள். கொடி எங்கேயும் அறுந்திருக்காது.

கொடிகளும் தோரணமும் மேலே சேரும் இடத்தில் முட்டைக்கண்ணும் பல்லுமாக ஒரு முகம் இருக்கும். கீர்த்திமுகம். தாடை இருக்காது, உடம்பும் இருக்காது. பசி தாங்காமல் தன் உடம்பையே தின்றுவிட்ட பூதம், சிவன் அதன் முகத்தை மட்டும் வாசலில் வைத்தார் என்று புராணக் கதை. தின்று தீர்த்த அந்த வாயிலிருந்துதான் பூமாலையும் கொடியும் வழிகின்றன. அழிப்பதும் கொடுப்பதும் ஒரே வாய் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அப்புறம் தூண். சதுரம் எட்டுப்பட்டையாக மாறும் மூலைகளில் படம் எடுத்த பாம்புத் தலை மாதிரி ஒரு வேலைப்பாடு இருக்கும், நாகபந்தம் என்பார்கள். தூணின் சதுரங்களில் மீன், ஆமை, அன்னம், சந்திரனையோ சூரியனையோ விழுங்கப்போகும் பாம்பு. கிரகணத்தைக் காட்டும் அந்தப் பாம்பு கிடைத்தால் நிலாவை எந்தப் பக்கமிருந்து நெருங்குகிறது என்று பாருங்கள். விழுங்கிய நிலா வெளியே வரும் என்பது பார்ப்பவருக்கெல்லாம் தெரியும் என்பதால் மீதிக் கதையைச் செதுக்க மாட்டார்கள். உடும்பு, பல்லி இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலையின் தலபுராணத்தில் சிவனே உடும்பாக வந்தவர்.

தூண் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை. அதிலிருந்து தொங்கும் மொட்டைத் தாமரை மொட்டு என்றும் வாழைப்பூ என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். வாழைப்பூவாகத் தெரிந்தால் அதன் கதை நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. குலை தள்ளியதும் தாய்மரம் மடியும், அடியில் கன்று நிற்கும். கல்யாண வாசலில் வாழை கட்டி, வாழையடி வாழையாக என்று வாழ்த்துகிற கைதான் இதையும் செதுக்கியது.

கடைசியாக விதானம். நடுவே விரிந்த தாமரை, அதைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இதழைக் கொத்தும். தரையில் மல்லாந்து படுத்துப் பார்க்க இடம் கொடுத்தால் படுத்தே பாருங்கள். குளத்துத் தாமரை மேல்நோக்கிப் பூக்கும், இது கீழ்நோக்கிப் பூத்திருக்கிறது. அப்படியென்றால் நாம் நிற்கும் இடம் தண்ணீருக்கு அடியிலா, இல்லை தாமரைக்குத் தலைகீழான வேறொரு உலகமா? கிளிகளுக்கு அந்தக் கவலை இல்லை.

எல்லாவற்றுக்கும் பொருள் தேடிக் களைக்கவும் வேண்டாம். சிற்பி மிச்ச இடத்தை நிரப்பச் செதுக்கிய பூவும் உண்டு, சும்மா கைவேகம் காட்டிய குரங்கும் உண்டு. ஒரே உருவம் ஒரே இடத்தில் பல கோயில்களில் திரும்பத் திரும்ப வந்தால் மரபு. ஒரே ஒரு தூணில் மட்டும் இருந்தால் அவருடைய விளையாட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு நிலை

பழைய பேட்டைத் தெருக்களில் இன்னும் தேக்கு நிலைகள் மிஞ்சியிருக்கின்றன. மேல்கட்டையின் நடுவே கஜலட்சுமி, இரண்டு யானை தண்ணீர் ஊற்றும். யானையை மேகமாகவும் ஊற்றுவதை மழையாகவும் எடுத்துக்கொண்டால் மீதித் தாமரை, கிளி, மாங்காய் எல்லாம் சரியாக உட்காரும். வீட்டுக்காரர் இருந்தால் மட்டும் பாருங்கள். விலை கேட்காதீர்கள், நிலை வாங்க வரும் தரகர் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

குறிப்பேடு

போன் படம் போதாது. ஒரு கல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, கோணலாக இருந்தாலும் கையால் வரையுங்கள். வரையும்போதுதான் கெண்டியும் அம்பும் கண்ணில் படும். பக்கத்தில் ஊர், கல் பார்க்கும் திசை, எழுத்து இருக்கிறதா இல்லையா, ஊரார் அதை என்ன பெயரில் கும்பிடுகிறார்கள், எந்த மாதம் பூசை என்பதை எழுதுங்கள். கல்லில் எழுத்து இருந்து ஊராருக்கு அது பற்றித் தெரியாவிட்டால், கிராம நிர்வாக அலுவலரிடமோ மாவட்டத் தொல்லியல் அலுவலகத்திலோ சொல்லுங்கள். பதிவாகியிருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். இடத்தின் லொகேஷனை மட்டும் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடாதீர்கள். நடுகல்லுக்கு அடியில் புதையல் இருக்கிறது என்று நம்பிக் கடப்பாறையோடு ராத்திரியில் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.